வன்தட்டு எத்தனை ஆண்டு உழைக்கும்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற மாத இதழில், பழைய மடிக்கணினியை விற்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றி எழுதியபோது, உள்ளே இருக்கும் படங்களை முதலில் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்மாதம் அதிகம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி பழுது பார்க்கும் சிறு கடை வைத்திருக்கும் எனக்கு இதில் வியப்பில்லை. கடைப்படி ஏறி வருகிறவர்களில் பலர், கணினி போனால் போகட்டும், உள்ளே இருக்கிற படம் கிடைக்குமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும், படங்களைச் சேமிக்கும் வன்தட்டுக்கும் (ஹார்ட் டிஸ்க்) காப்பு நகலுக்குமே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் செயலாளராக இருக்கிறேன். தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயங்கள் இடிக்கப்பட்டபோது எடுத்த படங்கள், இருபது ஆண்டுத் திருவிழாக் காணொளிகள், உறுப்பினர் பட்டியல், வரவு செலவுக் கணக்கு எல்லாமே 2016ஆம் ஆண்டு வாங்கிய ஒரு டெராபைட் வன்தட்டில் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, திருவிழா அழைப்பிதழ் அச்சடிக்கும் நேரத்தில், மோட்டார் சைக்கிளில் அச்சகத்துக்கு எடுத்துச் சென்று திறப்போம். இன்றுவரை ஒரு குறையும் இல்லை. இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும்?
– ஒரு வாசகர், பாடாங் செராய், கெடா

பதில்: ஐயா, இத்தனை ஆண்டு என்று ஓர் எண்ணைச் சொல்ல எவராலும் முடியாது. ஏன் முடியாது என்பதை அந்தப் பெட்டிக்குள் நடப்பதைக் கொண்டே விளக்குகிறேன். கண்ணாடிபோல் வழவழப்பான வட்டத் தட்டுகள் அதனுள் நிமிடத்திற்கு 5,400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுழல்கின்றன. காந்தப் பதிவைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், ஒருசில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதந்தபடி அவற்றின்மேல் நகர்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், எவ்வளவு நுண்ணிய இடைவெளியை நம்பி உங்கள் கோயிலின் இருபதாண்டுப் பதிவுகள் இருக்கின்றன என்பது விளங்கும். சுழலும் அச்சின் தாங்கி தேயலாம், முனை ஒருநாள் தட்டை உரசலாம், மின்சுற்றுப் பலகையில் ஒரு சிறு பாகம் எரிந்துபோகலாம். இவற்றில் எது முதலில் வரும், எப்போது வரும் என்பது ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு வன்தட்டுகளுக்கே வேறுபடும்.

தனியொரு வன்தட்டின் ஆயுளைச் சொல்ல முடியாவிட்டாலும், ஆயிரக்கணக்கானவற்றை ஒன்றாகக் கவனித்தவர்களின் கணக்கு இருக்கிறது. இணையவழிக் காப்பு நகல் சேவை நடத்தும் அமெரிக்க நிறுவனமான பேக்பிளேஸ், தன் தரவு மையத்தில் ஓடிய ஏறத்தாழ 25,000 வன்தட்டுகளின் நிலையை 2013ஆம் ஆண்டு வெளியிட்டது. முதல் ஒன்றரை ஆண்டில் ஆண்டுக்கு 5.1 விழுக்காடு என்ற அளவில் பழுதாயின. அடுத்த ஒன்றரை ஆண்டில் அது 1.4 விழுக்காடாக இறங்கியது. மூன்றாண்டு கடந்தபின் 11.8 விழுக்காடாக ஏறியது. நான்காம் ஆண்டு நிறைவில் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது வன்தட்டுகள் எஞ்சியிருந்தன. அதே நிறுவனம் அண்மைய ஆண்டுகளில் தரும் கணக்குகளில் ஆண்டுப் பழுது ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட விழுக்காட்டில் நிற்கிறது என்பதால், வன்தட்டுகளின் தரம் உயர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் அவை குளிரூட்டிய அறையில், ஆடாமல் அசையாமல், சீரான மின்சாரத்தில் ஓடுகிறவை. மோட்டார் சைக்கிளில் அச்சகத்துக்குப் போய்வரும் வன்தட்டுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறைதான் திறக்கிறோம் என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். தேய்மானம் குறைவு என்பது உண்மைதான். எனக்கு அதுவே கவலையாகவும் இருக்கிறது. ஈரப்பதம் எண்பது விழுக்காட்டை எட்டும் நம் நாட்டில், பூட்டிய அலமாரிக்குள் கிடக்கும் மின்கருவி தானாகவே கெடக்கூடும். அது தை மாதத்தில் கெட்டிருந்தாலும் உங்களுக்கு அடுத்த திருவிழாவின்போதுதான் தெரியவரும்.

வன்தட்டின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவிப் பாருங்கள். நீல நிறம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. அதில், தட்டில் கெட்டுப்போன இடங்களைக் காட்டும் ‘ரீஅலோகேட்டட் செக்டர்’, ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’ என்ற இரண்டு வரிகளின் ‘ரா வேல்யூஸ்’ பத்தியில் சுழியம் தவிர வேறு எண் ஏறியிருந்தால், அன்றைக்கே எல்லாவற்றையும் வேறிடத்துக்கு நகலெடுத்துவிட வேண்டும். கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், தட்டைச் சோதிக்கையில் முதல் பிழை தென்பட்ட வன்தட்டு அடுத்த 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழையற்றதைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: பழுதானவற்றில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றையும் காட்டாமலேயே போயின. மஞ்சள் தெரிந்தால் நம்புங்கள். நீலம் தெரிகிறதென்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

உங்கள் வன்தட்டு இன்றிரவே நின்றுபோனால், இடிக்கப்பட்ட லயங்களின் படங்கள் வேறெங்கே இருக்கின்றன? கடிதத்தைப் படித்தவரையில் எங்கும் இல்லை. அந்த லயங்களை மறுபடியும் போய்ப் படமெடுக்க முடியாது. கோயில் செயலவையின் அடுத்த கூட்டத்தை எதிர்பார்த்துக் காத்திராமல், இந்த வாரமே புதிய வன்தட்டுகள் இரண்டை வாங்கி முழுவதையும் நகலெடுத்து, ஒன்றைத் தலைவர் வீட்டிலும் மற்றதைப் பொருளாளர் வீட்டிலும் வையுங்கள். அச்சகத்துக்குத் தேவையான படங்களை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். பழைய வன்தட்டையும் எறிய வேண்டாம். மூன்றாவது நகலாக அது அலமாரியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: மறைந்த என் கணவர் சேர்த்து வைத்த குடும்பப் படங்களும், அவர் பஜனையில் பாடிய பதிவுகளும் ஒரு வன்தட்டில் உள்ளன. இரண்டு வாரமாக அதைக் கணினியில் செருகினால் ‘டிக், டிக்’ என்று சத்தம் வருகிறது; திரையில் ஒன்றும் தெரிவதில்லை. தினமும் செருகிப் பார்க்கிறேன். உறைபெட்டியில் ஓரிரவு வைத்தால் சரியாகும் என்று மகன் இணையத்தில் பார்த்துச் சொல்கிறான். செய்யலாமா?
– ஒரு வாசகி, கோல கங்சார், பேராக்

பதில்: அம்மா, செய்ய வேண்டாம். இனிமேல் அதை எந்தக் கணினியிலும் செருகவும் வேண்டாம். இந்த இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் இந்த இரண்டையும் உங்களுக்கு உடனே தனியாகவும் எழுதி அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் காரணத்தை இங்கே சொல்கிறேன்.

தட்டின்மேல், முனைக்கு வழிகாட்டும் குறிகள் பதிக்கப்பட்டிருக்கும். முனை பழுதானால் அந்தக் குறிகளைப் படிக்க முடியாமல் தொடக்க இடத்துக்கே திரும்பிவந்து, மறுபடியும் போய்த் தேடுகிறது. அந்தத் திரும்பலின் ஓசைதான் நீங்கள் கேட்கும் ‘டிக்’. முனை வளைந்தோ உடைந்தோ இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அது தட்டின் காந்தப் பூச்சைச் சுரண்டிக்கொண்டிருக்கக்கூடும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த பதிவை எந்த ஆய்வகத்தாலும் மீட்க முடியாது. மின்சாரம் இல்லாமல் இருக்கும்வரை தட்டில் எஞ்சியிருப்பவை அப்படியே இருக்கும்.

உறைபெட்டி யோசனை பல ஆண்டுகளாக வாய்வழியே பரவி வருகிறது. குளிர்ந்த வன்தட்டை வெளியே எடுத்தவுடன், குளிர்ந்த நீர்க் குவளையின்மேல் வியர்ப்பதுபோல் தட்டின்மேலும் ஈரம் படியும். நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் முனைக்கு அந்தத் துளி ஒரு பெரும் தடை. வீட்டிலோ கடையிலோ மூடியைக் கழற்றிப் பார்ப்பதும் இதே அளவுக்குத் தீங்கானது. என் கடையில் நான் திறப்பதில்லை, திறப்பதற்கான தூசியற்ற அறை என்னிடம் இல்லை. ‘டிக்’ சத்தம் வரும் வன்தட்டோடு யார் வந்தாலும், அதைச் செருகிக்கூடப் பார்க்காமல் தகவல் மீட்பு ஆய்வகத்துக்குத்தான் அனுப்பி வைக்கிறேன். அங்கே, அதே மாதிரியைச் சேர்ந்த இன்னொரு வன்தட்டிலிருந்து நல்ல முனைகளை எடுத்து உங்களுடையதில் பொருத்தி, ஒரே ஒருமுறை மெதுவாகப் படித்து நகலெடுப்பார்கள். இதற்கு ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) ஆகலாம். கொடுக்கும் முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: சோதித்துப் பார்க்க எவ்வளவு, மீட்க எவ்வளவு, ஒன்றும் கிடைக்காவிட்டால் எவ்வளவு. பணம் செலுத்தும் முன் மீட்கப்பட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். பஜனைப் பதிவுகள் அதில் இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

இப்போது கையில் அவ்வளவு பணம் இல்லையென்றால், வன்தட்டை மென்மையான துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ‘செருகாதே’ என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கொடுத்தாலும் மீட்கும் வாய்ப்பு இருக்கும். தினமும் செருகிப் பார்த்தால் அந்த வாய்ப்பு நாளுக்கு நாள் குறையும். அதற்கிடையில் பஜனைக் குழுவினரிடம் கேட்டுப் பாருங்கள்; அன்றைக்குக் கைப்பேசியில் பதிவு செய்தவர்கள் வேறு யாராவது இருக்கக்கூடும்.

கேள்வி: நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வாங்கினால் இந்தக் கவலையெல்லாம் தீருமா? பென் டிரைவில் வைக்கலாமா?
– ஒரு வாசகி, தெலுக் இந்தான், பேராக்

பதில்: கீழே விழுந்தால் தாங்குவதிலும் வேகத்திலும் எஸ்எஸ்டி மேலானது. அன்றாடம் வேலை செய்யும் கணினிக்குள் அதையே போடுங்கள். ஆனால் அதற்குள் தகவல் மின்னூட்டமாகத் தேங்கி நிற்கிறது. மின்சாரம் தராமல் நீண்டகாலம் விட்டால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். தொழில்துறைத் தரநிலை வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டியிடம் கேட்பதெல்லாம், எழுதும் திறன் தீர்ந்துபோன நிலையில், 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், மின்சாரமின்றி ஓராண்டு தகவலைத் தக்கவைக்க வேண்டும் என்பதுதான். அதிகம் எழுதப்படாத புதிய எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு தாங்கும் என்றாலும், பகலில் 32 டிகிரியைத் தாண்டும் நம்மூர் வீட்டில், அலமாரியில் போட்டு மறந்துவிடுவதற்கு அது ஏற்றதன்று. இன்னொரு வேறுபாடும் உண்டு. சுழலும் வன்தட்டில் தவறுதலாக அழித்த கோப்பை, அதன்மேல் வேறு எதுவும் எழுதப்படாதவரை மென்பொருளால் பெரும்பாலும் மீட்கலாம்; எஸ்எஸ்டியோ அழித்த இடத்தைத் தானே துடைத்துவிடுவதால் பெரும்பாலும் மீட்க முடிவதில்லை.

பென் டிரைவ் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்வதற்கான பொருள். மாணவர்களின் மதிப்பெண் பதிவுகளை அதில் மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்றால் இன்றே கணினிக்கும் ஏற்றுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் யாரிடமும் கணினி இல்லை. கைப்பேசியில் எடுக்கும் படம் எல்லாம் கூகுள் போட்டோஸுக்குப் போகிறது. அது போதும்தானே?
– ஒரு வாசகர், பந்திங், சிலாங்கூர்

பதில்: கைப்பேசி தண்ணீரில் விழுந்தாலும் திருடுபோனாலும் படம் பிழைக்கும் என்ற அளவில் அது நல்ல ஏற்பாடு, நிறுத்திவிட வேண்டாம். ஆனால் நீங்கள் கைப்பேசியில் காண்பதும் கூகுளில் இருப்பதும் ஒன்றோடொன்று கட்டிப்போடப்பட்டவை. வீட்டுச் சிறுபிள்ளை கூகுள் போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை அழித்தால், அது கூகுளிலிருந்தும் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. 60 நாள் கழிந்தால் அங்கிருந்தும் மறைகிறது. நாம் செய்த பிழையையும் அப்படியே பின்பற்றுகிற ஒன்றைக் காப்பு நகல் என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

மேலும் மூன்றைக் கவனியுங்கள். 2021 ஜூன் முதல் நாள் தொடங்கி அங்கே வரம்பற்ற இலவச இடம் கிடையாது. மின்னஞ்சல், டிரைவ், படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 கிகாபைட்தான். அது நிரம்பிவிட்டால் புதிய படங்கள் ஏறுவது நின்றுவிடும். திரையின் மேலே வரும் சிறு அறிவிப்பைக் கவனிக்காமல், படங்கள் பத்திரமாகப் போய்க்கொண்டிருக்கின்றன என்று எண்ணியிருப்பவர்களைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். அடுத்து, அமைப்பில் ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்றிருந்தால் படம் சுருக்கப்பட்டே சேமிக்கப்படுகிறது. திருமணம், காதுகுத்து போன்ற நாள்களின் படங்களுக்கு ‘ஒரிஜினல் குவாலிட்டி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. இரண்டு ஆண்டு தொடர்ந்து பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை, உள்ளே இருப்பவற்றோடு சேர்த்து நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. பெரியவர் ஒருவர் காலமாகி, அவருடைய கடவுச்சொல் யாருக்கும் தெரியாமல் கணக்கு தூங்கினால், அவர் எடுத்த படங்களுக்கும் அந்த விதி பொருந்தும். கூகுள் கணக்கின் அமைப்பில் ‘இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்’ என்ற இடத்தில், நான் இத்தனை மாதம் கணக்கைத் திறக்கவில்லை என்றால் இன்னாருக்குத் தெரிவித்து என் படங்களைக் கொடுங்கள் என்று முன்கூட்டியே எழுதி வைக்க முடியும். உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து இதைச் செய்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. கணினி இல்லாவிட்டாலும், தம்பி மகனோ பக்கத்து வீட்டு மாணவரோ வரும் நாளில், ‘கூகுள் டேக்அவுட்’ வழியாக எல்லாப் படங்களையும் ஒரு வன்தட்டில் இறக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி நான். பால்மர (ரப்பர்) காலத்துப் படங்கள் அறுநூறை ஸ்கேன் செய்து மடிக்கணினியில் ஏற்றி, வன்தட்டு ஒன்றிலும் நகல் வைத்திருக்கிறேன். இரண்டும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றன. ‘தாத்தா, 3-2-1 வேண்டும்’ என்கிறான் பேரன். அது என்ன? எனக்கு அவ்வளவு வசதியில்லை.
– ஒரு வாசகர், பீடோர், பேராக்

பதில்: ஐயா, பேரன் சரியாகச் சொல்கிறார். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய கணக்கு அது. ஒவ்வொரு கோப்புக்கும் மொத்தம் மூன்று நகல் இருக்க வேண்டும். அவை இரண்டு வகையான சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் நம் மக்கள் விட்டுவிடுவது கடைசியைத்தான். உங்கள் இழுப்பறையில் இரண்டு நகல் இருந்தாலும், நெருப்பும் வெள்ளமும் திருடனும் அவற்றை ஒன்றாகவே பார்க்கும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான் வட்டாரத்திலும் வெள்ளம் ஏறியபோது, மாடிவரை நீர் வந்த வீடுகளில் எந்த அலமாரியும் எந்த இழுப்பறையும் தப்பவில்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் தாயார் பால்மரம் சீவிய நாள்களைப் பற்றிச் சொன்ன கதைகளைப் பதினொரு பதிவுகளாகச் சேர்த்து வைத்திருந்தேன். விடியற்காலை ஐந்து மணிப் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு), தலையில் கட்டிய விளக்கு, மழை வந்தால் கோப்பையில் பால் கரைந்துபோய் நாள்கூலி போனது எல்லாம் அவர் குரலிலேயே இருந்தன. ஒரு மாலை, மடிக்கணினியிலிருந்து வன்தட்டுக்கு நகல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டின் மின்கம்பியும் ஒரே நீட்டிப் பலகையில் செருகப்பட்டிருந்தன. இடி இறங்கியது. சுவரில் ஒரு பொறி, கருகிய பிளாஸ்டிக் வாடை, அவ்வளவுதான். இரண்டும் ஒரே நொடியில் போயின. அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த நாற்பது விநாடித் துண்டு மட்டுமே இன்று என்னிடம் இருக்கிறது. அதில் அம்மா சிரிக்கிறார்; கதை தொடங்கும் முன் முடிந்துவிடுகிறது. அந்த நாளுக்குப் பிறகு, வானம் இருண்டால் முதலில் வன்தட்டைக் கழற்றுகிறேன், பிறகுதான் துணி எடுக்கப் போகிறேன். மின்னெழுச்சித் தடுப்புப் பலகை வாங்கிப் போட்டிருக்கிறேன் என்றாலும், நேராக இறங்கும் இடிக்கு அதை நம்புவதில்லை.

உங்கள் வசதிக்குள் செய்யக்கூடியது இது. இன்னும் ஒரே ஒரு வன்தட்டு வாங்குங்கள். சில நூறு வெள்ளி ஆகும், அதற்குமேல் மாதக் கட்டணம் ஒன்றுமில்லை. இரண்டு வன்தட்டுகளுக்கும் ‘அ’, ‘ஆ’ என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். ‘அ’ உங்கள் வீட்டில் இருக்கட்டும். ‘ஆ’வை வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டிலோ தங்கை வீட்டிலோ வையுங்கள். பொங்கல், கோயில் திருவிழா, தீபாவளி என்று குடும்பம் கூடும் நாள்களில், புதிய படங்களை ஏற்றிய ‘அ’வைக் கொடுத்துவிட்டு ‘ஆ’வை வாங்கி வாருங்கள். ஆண்டுக்கு மூன்று முறை இப்படி மாறிக்கொண்டால், வெளியூரில் இருக்கும் நகல் ஒருபோதும் சில மாதத்துக்கு மேல் பழையதாகாது. வன்தட்டும் அவ்வப்போது ஓடிப் பார்க்கப்படும். அறுநூறு படங்கள்தான் என்பதால், பேரனைக் கொண்டு இலவச இணைய இடம் ஒன்றிலும் ஏற்றிவிட்டால், சாதனம் இரண்டு வகை என்ற கணக்கும் நிறைவேறும். அடையாள அட்டை, வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்), வங்கிக் கணக்கு ஆகியவற்றின் நகல்கள் அதில் இருந்தால், அவற்றை மட்டும் 7-ஜிப் மென்பொருளால் கடவுச்சொல் இட்டுப் பூட்டி வைக்கலாம். அந்தக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, அசல் கிராண்ட் இருக்கும் உறையிலேயே வையுங்கள்.

நகலெடுத்து முடித்தவுடன் வன்தட்டைக் கழற்றிவிட வேண்டும். இடிக்காக மட்டும் சொல்லவில்லை. 2017 மே மாதம் உலகம் முழுவதும் பரவிய வான்னாகிரை போன்ற நச்சுநிரல்கள், கணினியோடு இணைந்திருக்கும் வன்தட்டுகளையும் சேர்த்தே பூட்டிவிடுகின்றன. கழற்றும் முன், நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் இருந்து உள்ளே ஒன்றும் இல்லாத நகல்களை நான் பார்த்திருக்கிறேன்.

தாளில் உள்ள அசல் படங்களை, ஸ்கேன் செய்தாயிற்று என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஐயா. அவையும் ஒரு நகல்தான். மின்சாரமே தேவைப்படாத நகலும் அவைதான்.

கேள்வி: இணையக் கடையில் 16 டெராபைட் கையடக்க வன்தட்டு 59 வெள்ளிக்கு வாங்கினேன். ஏற்றிய காணொளிகளில் பாதி திறக்கவில்லை. ஏன்?
– ஒரு வாசகர், கூலிம், கெடா

பதில்: அது போலி. கையடக்க 2.5 அங்குல வன்தட்டில் 6 டெராபைட் என்ற அளவே 2024இல்தான் சந்தைக்கு வந்தது. உங்கள் கையில் இருப்பது சிறிய நினைவக அட்டை ஒன்றை உள்ளே வைத்து, 16 டெராபைட் என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்ட பெட்டி. உண்மைக் கொள்ளளவு நிரம்பியதும் புதிய கோப்பு பழையதன்மேல் எழுதப்படுகிறது, அல்லது எங்குமே எழுதப்படுவதில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள், முழுக் கொள்ளளவுக்கும் எழுதித் திரும்பப் படித்து, உண்மை எவ்வளவு என்று காட்டிவிடும். அந்த முடிவைப் படமெடுத்து விற்பனைத் தளத்துக்கு அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ஏற்றிய காணொளிகளின் அசல்களைக் கைப்பேசியிலிருந்து இன்னும் அழிக்காமல் இருந்தால், தயவுசெய்து அழிக்காதீர்கள். வேறொரு வாசகர் கேட்டிருக்கும் ‘ஒரு டெராபைட் வாங்கினால் 931 கிகாபைட் என்று காட்டுகிறதே’ என்பது வேறு. உற்பத்தியாளரும் விண்டோஸும் கணக்கிடும் முறை வேறுபடுவதால் வரும் எண் அது, ஏமாற்று இல்லை.

கேள்வி: படிவம் ஐந்து மாணவி நான். என் பாட்டி தினமும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவார். பழைய கைப்பேசியை மாற்றப் போகிறேன். அவர் குரலை எப்படிப் பத்திரப்படுத்துவது?
– ஒரு மாணவி, சுங்கை பட்டாணி, கெடா

பதில்: நல்ல நேரத்தில் கேட்டாய், அம்மா. ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால், அதைக் கம்பியால் கணினியோடு இணைத்து, வாட்ஸ்அப் கோப்புறையின் ‘மீடியா’ பகுதிக்குள் ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ என்பதைத் திற. வாரவாரியாகப் பிரிந்து, ‘ஓபஸ்’ என்று முடியும் கோப்புகளாக எல்லாக் குரல் செய்திகளும் அங்கே இருக்கும். அந்தக் கோப்புறையை முழுவதுமாக நகலெடுத்துக்கொள். விஎல்சி மென்பொருளில் அவை ஒலிக்கும். யார் பேசியது என்பது கோப்பின் பெயரில் இராது என்பதால், பாட்டியுடைய உரையாடலை மட்டும் வாட்ஸ்அப்பின் ‘எக்ஸ்போர்ட் சாட்’ வழியாக ஊடகத்தோடு சேர்த்துத் தனியாகவும் எடுத்து உன் மின்னஞ்சலுக்கோ டிரைவுக்கோ அனுப்பிவிடு. பெரிய உரையாடலாக இருந்தால் பழைய செய்திகள் விடுபடலாம். ஆகவே இரண்டு வழியையும் செய். புதிய கைப்பேசியில் எல்லாம் வந்துவிட்டதென்று கேட்டுப் பார்க்கும்வரை பழையதை யாருக்கும் கொடுக்காதே.

பிறகு ஒரு விடுமுறை நாளில் வன்தட்டையும் கணினியையும் பாட்டியிடம் கொண்டுபோய், அவர் குரலை அவருக்கே போட்டுக் காட்டு. அவர் பேச்சில் வரும் தோட்டத்தின் பெயர், பத்தாம் நம்பர் லயத்தில் இருந்தவரின் பெயர், உனக்குத் தெரியாத மாமா ஒருவரின் பெயர் என்று ஒவ்வொன்றையும் அவரிடமே கேட்டு, தேதியோடு ஒரு கோப்பில் எழுதி, குரல் பதிவுகள் இருக்கும் கோப்புறையிலேயே சேர்த்து வை.